பக்கைப் பார்க்காதீர்கள்: டிரெஸ்டனில் ஒரு செகண்ட் டிவிஷன் ஐஸ் ஹாக்கி சீசன்

டிரெஸ்டனுக்குச் சிப் கம்பெனி வேலைக்கு வரும் நம்மூர்ப் பிள்ளைகள் முதலில் கேட்பது வீட்டு வாடகை. அடுத்து இட்லி அரிசி எங்கே கிடைக்கும் என்பது. மூன்றாவது, "வார இறுதியில இந்த ஊர்ல என்னதான்ணே பண்றது?" முதல் இரண்டுக்கும் என்னிடம் உருப்படியான பதில் கிடையாது. மூன்றாவதற்கு உண்டு. செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஐஸ் ஹாக்கி பாருங்கள், அதிலும் செகண்ட் டிவிஷன் பாருங்கள் என்பேன்.

ஜெர்மனியில் முதல் டிவிஷனுக்கு டிஇஎல் என்று பெயர். அதற்குக் கீழே டிஇஎல்2. 14 அணிகள், ஆளுக்கு 52 லீக் ஆட்டங்கள், பெரும்பாலும் வெள்ளி இரவும் ஞாயிறு மாலையும். 2024-25 சீசனில் எங்கள் ஊர் அணியான டிரெஸ்டனர் ஐஸ்லோவன், அதாவது பனிச் சிங்கங்கள், இந்த இரண்டாம் அடுக்கில்தான் ஆடியது. அந்த சீசனை நான் முழுதாகப் பின்தொடர்ந்தேன். ரசிகன் என்ற முறையில் கற்றதைப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன். விதிமுறை விளக்கம் வேண்டுமென்றால் எங்கும் கிடைக்கும். இது அரங்கில் நின்று பார்த்தவனின் குறிப்பு.

"நின்று" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆட்டத்துக்கே உட்காரும் இருக்கைக்குக் காசு கொடுக்க வேண்டாம். நிற்கும் பகுதி டிக்கெட் மலிவு, ஆட்டத்தின் உயிரும் அங்கேதான் இருக்கிறது. மத்தளக்காரர் அங்கே நிற்பார், பாட்டை எடுத்துக் கொடுப்பவர் அங்கே நிற்பார், சந்தேகம் கேட்டால் சலிக்காமல் பதில் சொல்லும் பெரியவர்களும் அங்கேதான் நிற்பார்கள். எங்கள் அரங்கம் எல்பா ஆற்று வளைவில் ஆஸ்ட்ராகெஹேகே என்ற இடத்தில், 2007-இல் திறந்தது. நாலாயிரத்துச் சொச்சம் பேர் கொள்ளும். கடைசி வரிசையில் நின்றாலும் ஆட்டக்காரனின் தாடி தெரியும். பெரிய லீக் அரங்குகளில் அந்தத் தூரத்துக்கு வேறு விலை.

குளிரைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள், ஆனால் எந்தக் குளிர் என்று சொல்ல மாட்டார்கள். உங்களைத் தோற்கடிப்பது காற்று இல்லை, காலடியிலிருக்கும் கான்கிரீட். மேலே எத்தனை ஸ்வெட்டர் போட்டாலும் மெல்லிய ஸ்னீக்கர் போட்டு வந்தால் மூன்று பகுதி ஆட்டத்தில் இரண்டாம் பகுதி முடிவதற்குள் பாதம் மரத்துவிடும். தடித்த அடி உள்ள ஷூ, கம்பளி சாக்ஸ், அவ்வளவுதான் ரகசியம். கையுறை போட்டுக்கொண்டு கைதட்டினால் சத்தம் வராது, அதற்காகத்தான் எல்லோரும் பாடுகிறார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன். குழந்தைகளை அழைத்து வருவதானால் காது மூடி கட்டாயம். கோல் விழுந்ததும் ஒலிக்கும் ஹாரன் பெரியவர்களையே தூக்கிவாரிப் போட வைக்கும். சாப்பாட்டில் சைவக்காரருக்கு உப்புத் தூவிய பிரெட்செல்லும் உருளைக்கிழங்கு வறுவலும்தான் கதி. புளியோதரையை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். குடிக்கும் கப்புக்கு முன்பணம் பிடிப்பார்கள், திருப்பிக் கொடுத்தால் பணம் வரும். அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் போகாதீர்கள்.

இனி ஆட்டம். திருநெல்வேலிக்காரத் தம்பி ஒருவரை முதன்முதலாக அழைத்துப் போனபோது பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அதே கேள்வி: "அண்ணே, எங்க போச்சு அது?" அது என்பது பக். ஏழரை சென்டிமீட்டர் அகலம், இரண்டரை சென்டிமீட்டர் தடிமன், 170 கிராம் எடையுள்ள கறுப்பு ரப்பர் வில்லை. துள்ளக் கூடாது என்று ஆட்டத்துக்கு முன் அதை ஃப்ரீசரில் போட்டு உறைய வைத்துத்தான் எடுத்து வருகிறார்கள். அது போகும் வேகத்துக்கு, கிரிக்கெட் பந்தைப் பார்த்துப் பழகிய கண் ஈடுகொடுக்காது. நான் தம்பிக்குச் சொன்னது: "பக்கத் தேடாத. ஆளுங்க உடம்பு எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாரு. பத்துப் பேரும் ஒரே பக்கம் திரும்பினா அது அங்கதான் இருக்கும்."

இதில் பழகிய பிறகு அடுத்த படி, பெஞ்சைப் பார்ப்பது. ஒரு ஆட்டக்காரர் சுமார் முக்கால் நிமிஷம் முழு மூச்சாக ஓடிவிட்டு வெளியே வருவார், அடுத்தவர் பனித்தரையைச் சுற்றியுள்ள பலகையைத் தாண்டிக் குதிப்பார். ஆட்டம் நிற்காமலே இந்த மாற்றம் நடக்கும். சோர்ந்துபோன ஐந்து பேர் வெளியே வர முடியாமல் தங்கள் பகுதியிலேயே மாட்டிக்கொண்டால், அடுத்த அரை நிமிஷத்தில் ஏதோ நடக்கப் போகிறது என்று அர்த்தம். பக்கத்தில் நிற்கும் பழைய ரசிகர்கள் கோலுக்கு முன்பே குரலை உயர்த்துவது இதைப் பார்த்துத்தான்.

கோல்கீப்பரை மட்டும் ஐந்து நிமிஷம் பார்ப்பதும் நல்ல பயிற்சி. அதற்கு எங்களுக்கு நல்ல ஆளே வாய்த்திருந்தார். டானி அவுஸ் டென் பிர்கென். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் ஜெர்மனி வெள்ளி வென்றபோது கோல் காத்தவர். ரஷ்ய வீரர்களிடம் கூடுதல் நேரத்தில் 4-3 என்று தோற்ற அந்த இறுதிப் போட்டியை இங்கே யாரும் மறக்கவில்லை. நாற்பதைத் தொட்ட வயதில் எங்கள் அணிக்கு ஆடினார். ஆட்டம் மறுமுனையில் நடக்கும்போது அவர் சும்மா நிற்பதில்லை. கம்பத்தைக் குச்சியால் இடது, வலது என்று தட்டி, தான் நிற்கும் இடத்தை அளந்துகொண்டே இருப்பார். பின்னால் திரும்பிப் பார்க்காமல் கோல் எங்கே இருக்கிறது என்று அறிந்துகொள்ளும் வழி அது. டிவியில் இந்தக் காட்சி வரவே வராது.

கோல் விழுந்தால் ஒரு சடங்கு உண்டு. அறிவிப்பாளர் அடித்தவரின் முதற்பெயரைச் சொல்வார், கூட்டம் குடும்பப் பெயரைக் கத்தும். பிறகு நம் அணியின் எண்ணிக்கையைக் கூட்டம் சொல்லும். எதிரணி எத்தனை கோல் போட்டிருந்தாலும் பூஜ்யம் என்றே கத்தும். கடைசியில் அறிவிப்பாளர் "டாங்கே" என்பார், எல்லோரும் "பிட்டே" என்போம். எனக்கு ஜெர்மன் உச்சரிப்பு பயம் போனது மொழி வகுப்பில் இல்லை, இங்கேதான். ஆயிரக்கணக்கானோர் கூடவே கத்தும்போது யாரும் நம் இலக்கணத்தைத் திருத்த மாட்டார்கள்.

பட்டியலைப் படிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். 60 நிமிஷத்துக்குள் வென்றால் 3 புள்ளி. சமன் ஆனால் இரண்டு பேருக்கும் தலா ஒன்று, பிறகு கூடுதல் நேரத்திலோ பெனால்டி ஷூட்டிலோ வெல்பவருக்கு இன்னொன்று. முதல் ஆறு இடத்துக்கு வருபவர்கள் நேராகக் காலிறுதி. ஏழு முதல் பத்து வரை சின்னத் தகுதிச் சுற்று. பதினொன்று முதல் பதினான்கு வரை கீழிறக்கத்தைத் தவிர்க்கும் சுற்று. ஆகவே பிப்ரவரியில் பார்க்க வேண்டியது உச்சியை இல்லை. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே உள்ள கோட்டையும், பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவே உள்ள கோட்டையும் பாருங்கள். அந்தக் கோடுகளை ஒட்டி நிற்கும் இரண்டு அணிகள் மோதும் ஞாயிறு ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்தவர் ஏமாறுவதில்லை.

ஆனால் இந்த லீக்கின் பெரிய முடிவுகள் பட்டியலுக்கு வெளியேயும் நடக்கின்றன. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு சீசன் ஆனது. மேலே ஏற வேண்டுமென்றால் சாம்பியன் ஆனால் மட்டும் போதாது. டிஇஎல் உரிமத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பம் போட்டிருக்க வேண்டும், அரங்கமும் நிதிநிலையும் அவர்கள் கேட்கும் தரத்தில் இருக்க வேண்டும். 2006-க்குப் பிறகு பல ஆண்டுகள் மேல் டிவிஷன் கதவே மூடிக் கிடந்தது. 2021-இல்தான் மறுபடி திறந்தது, பீட்டிக்ஹைம் ஏறியது. அதன் பிறகு நடந்ததைக் கேளுங்கள். 2023-இல் ராவென்ஸ்பர்க் சாம்பியன். விண்ணப்பம் போடாததால் ஏறவில்லை. 2024-இல் ரேகன்ஸ்பர்க் சாம்பியன். அதே கதை. அந்த 2024 இறுதியில் தோற்றது காஸல், அவர்களிடமோ எல்லாக் காகிதமும் தயார். இரண்டு முறையும் சாம்பியன் ஏறாததால் பிழைத்தது ஆக்ஸ்பர்க். மேல் டிவிஷனில் இறங்க வேண்டிய இடத்தில் நின்றுகொண்டு, வேறு ஊர்கள் ஆடும் ஆட்டங்களில் தன் தலையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஊர் அது. காஸல் ரசிகர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

பீட்டிக்ஹைம் கதை இன்னும் மோசம். 2021-இல் ஏறி, 2023-இல் இறங்கி, 2024-இல் மறுபடி இறங்கி மூன்றாம் டிவிஷனுக்கே போய், 2025-இல் அங்கிருந்து திரும்பி வந்தது. நான்கு ஆண்டில் மூன்று அடுக்கு. 2024-25 டிஇஎல்2 பட்டியலைப் பார்த்தால் ஜெர்மன் ஹாக்கியின் பழைய ராஜாக்கள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ரோசன்ஹைம் மூன்று முறை தேசிய சாம்பியன், லாண்ட்ஸ்ஹூட் இரண்டு முறை, க்ரேஃபெல்ட் 2003-இல்கூட வென்றது. எட்டு முறை சாம்பியனான டுஸல்டார்ஃப் 2025-இல் இங்கே வந்து சேர்ந்தது. ஆகவே சீசன் தொடக்கத்தில் செய்ய வேண்டிய முதல் வேலை, உங்கள் அணி விண்ணப்பம் போட்டிருக்கிறதா என்று உள்ளூர்ச் செய்தியில் பார்ப்பது. எந்த ஆட்டத்துக்கு எவ்வளவு பதற வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது.

செகண்ட் டிவிஷனின் இன்னொரு லாபம், பையன்களைப் பார்ப்பது. வெளிநாட்டுக்காரர் நான்கு பேர்தான் ஒரு ஆட்டத்தில் இறங்கலாம். மிச்ச இடம் உள்ளூர் ஆட்டக்காரர்களுக்கு. பெரிய கிளப்கள் தங்கள் இளம் ஆட்டக்காரர்களை இரட்டை உரிமத்தில், அதாவது இரண்டு அணிக்கும் ஆடலாம் என்ற அனுமதியில், இங்கே அனுப்பி வைக்கின்றன. வைஸ்வாஸருக்கு அந்த உறவு பெர்லினுடன். வாரத்தில் பெர்லினில் பயிற்சி செய்த 19 வயதுப் பையன், வெள்ளி இரவு வைஸ்வாஸரில், மாறி மாறி இறங்கும் குழுக்களில் கடைசியான நான்காம் வரிசையில் இறங்கி, அப்பா வயதுள்ள தடுப்பாட்டக்காரரிடம் பலகையில் மோதி விழுவான். எழுந்து வரும் விதத்திலேயே அவன் மேலே போவானா இல்லையா என்று எங்கள் பகுதிப் பெரியவர்கள் சோதிடம் சொல்வார்கள். பாதி தப்பும்.

வைஸ்வாஸர் என்று சொல்லிவிட்டேன், அதை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. போலந்து எல்லைக்குப் பக்கத்தில் கண்ணாடித் தொழிலுக்குப் பேர்போன சிற்றூர். கிழக்கு ஜெர்மனிக் காலத்தின் கடைசியில் முப்பதாயிரத்துக்கு மேல் மக்கள் இருந்த ஊர், இப்போது பாதிக்கும் குறைவு. 1970 முதல் 1990 வரை கிழக்கு ஜெர்மனியின் முதல் டிவிஷனில் இருந்தவை மொத்தம் இரண்டே அணிகள்: டைனமோ பெர்லின், டைனமோ வைஸ்வாஸர். அரசு பதக்கம் அதிகம் தரும் விளையாட்டுகளுக்குப் பணத்தைத் திருப்பிவிட்டு மற்ற ஹாக்கி அணிகளை ஒதுக்கியதால் வந்த நிலை. இருபது வருஷம் அந்த இருவரே மாறி மாறி ஆடிச் சாம்பியன்ஷிப்பைத் தீர்மானித்தார்கள். நான் நிற்கும் பகுதியில் அந்த ஊர்க்கார முதியவர் ஒருவர் உண்டு. மகள் டிரெஸ்டனில் இருப்பதால் இங்கே குடிவந்தவர், டெர்பியன்று, அதாவது இந்த இரண்டு ஊர் அணிகளும் மோதும் நாளில் மட்டும், எதிரணியின் நீல மஞ்சள் துண்டைக் கோட்டுக்குள் மறைத்துக் கட்டிக்கொண்டு எங்கள் நடுவே நிற்பார். போரடிக்கவில்லையா என்று கேட்டேன். "எதிரி ஒருத்தன்தான்னா அவன் குழந்தைக்கு என்னைக்குப் பிறந்தநாள்னுகூடத் தெரிஞ்சிடும். போரடிக்க எங்க நேரம்?" என்றார். கோட்டுக்குள் துண்டு இருப்பது எங்கள் வரிசை முழுக்கத் தெரியும். யாரும் காட்டிக்கொள்வதில்லை.

அந்த டெர்பிக்கு எவ்வளவு மதிப்பு என்றால், 2016 ஜனவரியில் இதே இரண்டு அணிகளும் டிரெஸ்டன் கால்பந்து மைதானத்தில் திறந்தவெளியில் ஆடியபோது முப்பதாயிரத்துக்கு மேல் கூட்டம். செகண்ட் டிவிஷன் ஆட்டத்துக்கு! ஜெர்மனியில் பத்து வருஷம் வாழ்ந்தும் கால்பந்தைத் தவிர வேறு விளையாட்டு இங்கே இல்லை என்று சொல்பவர்களுக்கு இதைச் சொல்வேன்.

வெளியூர் ஆட்டங்களுக்கு வருவோம். பையன்கள் படும் பாடு அங்கேதான் தெரியும். ஃப்ரைபர்க் தென்மேற்கு மூலை, வைஸ்வாஸர் கிழக்கு ஓரம், நடுவே ஏறக்குறைய 800 கிலோமீட்டர். விமானம் எல்லாம் கிடையாது, பஸ்தான். வெள்ளி இரவு ஆடி, விடிகாலை வந்து சேர்ந்து, ஞாயிறு மறுபடி ஆட வேண்டும். ஞாயிறு ஆட்டத்தின் மூன்றாம் பகுதியில் ஒரு அணி திடீரென்று கால் இழுத்தால் பயிற்சியாளரைத் திட்டும் முன் அவர்கள் வெள்ளியன்று எங்கே ஆடினார்கள் என்று பாருங்கள்.

ரசிகர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, ரசிகர் மன்ற பஸ். இரண்டு, மாதச் சீட்டில் வட்டார ரயில். அந்தச் சீட்டு 2025 ஜனவரியில் 49 யூரோவிலிருந்து 58 ஆனது. க்ரிமிட்ஸாவ், வைஸ்வாஸர் இரண்டுக்கும் ரயிலே போதும். பஸ்ஸைப் பற்றி மட்டும் கொஞ்சம் நேராகப் பேச வேண்டும். நம் நிறத்தோடு சாக்சனி மாநிலத்தில் இரவுப் பயணம் போவதைப் பற்றிப் புதிதாக வருபவர்கள் தயங்கித் தயங்கித்தான் கேட்பார்கள். 2024 செப்டம்பர் 1 சட்டமன்றத் தேர்தலில் குடியேற்றத்தை எதிர்க்கும் ஏஎஃப்டி கட்சிக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வாக்கு விழுந்தது. சீசன் அந்த மாதம்தான் தொடங்கியது. எனக்கு அரங்கத்துக்குள் முறைப்பு கிடைத்ததைவிடச் சூடான ஒயின் வாங்கிக் கொடுத்தவர்கள் அதிகம். ஆனால் நள்ளிரவு ரயில் நிலையம் அரங்கம் இல்லை. சின்ன ஸ்டேஷனில் தனியாக ஒரு மணி நேரம் காத்திருக்கும் பயணத்தைப் போடாதீர்கள். முதல் வெளியூர் ஆட்டத்துக்கு மன்ற பஸ்ஸில் போங்கள். பஸ்ஸை நடத்துபவர் ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ணுவார், ஒரு ஆள் குறைந்தால் வண்டி கிளம்பாது. பயம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், கூட்டத்தோடு போங்கள் என்றுதான் சொல்வேன்.

அந்த செப்டம்பர் 11 அதிகாலையில் எங்கள் ஊரின் கரோலா பாலத்தில் டிராம் ஓடும் பகுதி உடைந்து ஆற்றில் விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் டிராம் வழித்தடங்கள் மாறின. ஆற்றுக்கு அப்பாலிருந்து வருகிறவர்கள் இன்றும் அரை மணி முன்கூட்டியே கிளம்புவது நல்லது.

லீக் முடிந்ததும் காலிறுதியிலிருந்து நடக்கும் பிளே ஆஃப் என்பது வேறு விளையாட்டு. ஏழு ஆட்டத் தொடர், நான்கு வென்றவர் அடுத்த சுற்றுக்குப் போவார். லீக்கில் சமனானால் மூன்றுக்கு மூன்று ஆடிச் சட்டென்று முடித்துவிடுவார்கள். பிளே ஆஃபில் ஐந்துக்கு ஐந்து, கோல் விழும் வரை 20 நிமிஷம், அதற்குப் பின் இன்னொரு 20. கடைசி டிராமைக் கணக்குப் போட்டு வந்தவர்கள் நடந்துதான் வீட்டுக்குப் போவார்கள். டிக்கெட் சீசன் சீட்டுக்காரர்களுக்கு முதலில் போகும். அதனால் ஜனவரியிலேயே ஒரு சீசன் சீட்டுக்காரரோடு பழகி வையுங்கள். ஒரே எதிரியைப் பத்துப் பன்னிரண்டு நாளில் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது, முதியவர் சொன்ன பிறந்தநாள் கணக்கு எனக்குப் புரிந்தது. யார் யாரைச் சீண்டுவார், எந்தத் தடுப்பாட்டக்காரர் இடது பக்கம் திரும்பத் திணறுவார் என்பதெல்லாம் மூன்றாம் ஆட்டத்துக்குள் கூட்டத்துக்கே அத்துப்படி.

2025 ஏப்ரலில் ராவென்ஸ்பர்க்கை இறுதியில் வீழ்த்தி எங்கள் ஆட்கள் சாம்பியன் ஆனார்கள். பயிற்சியாளர் நிக்லாஸ் சுண்ட்பிளாட், 2014-இல் இங்கோல்ஸ்டாட்டை மேல் டிவிஷன் சாம்பியன் ஆக்கிய அதே ஸ்வீடன்காரர். எங்கள் காகிதங்கள் தயாராக இருந்தன. ஏறினோம். மேலிருந்து டுஸல்டார்ஃப் இறங்கியது. திருநெல்வேலித் தம்பி அன்றிரவு ஊருக்கு வீடியோ கால் போட்டு அப்பாவுக்குக் கோப்பையைக் காட்டினார். "கபடி மாதிரி இருக்குப்பா, வழுக்கும், அவ்ளோதான்" என்று விளக்கம் வேறு.

ஏறியதில் ஒரு நஷ்டம் இருந்தது. 2025-26 சீசனில் வைஸ்வாஸர் எங்களுக்கு லீக்கில் எதிரி இல்லை, அவர்கள் கீழேயே இருந்தார்கள். எங்கள் ஆட்டம் இல்லாத ஞாயிறுகளில் நான் அங்கே போனேன். செகண்ட் டிவிஷன் பார்க்க விரும்புகிறவர்கள் நீங்களும் அங்கேயே போகலாம். டிரெஸ்டனிலிருந்து கோர்லிட்ஸ் போய் அங்கே வண்டி மாற வேண்டும். மாலை ஐந்து மணி ஆட்டம் கூடுதல் நேரத்துக்கு இழுத்தால் அந்த இணைப்பு கைவிட்டுப் போகலாம். அப்போது எதிர்த்திசையில் கோட்புஸ் போய், அங்கிருந்து டிரெஸ்டன் வண்டி இருக்கிறதா என்று அரங்கத்திலிருந்து கிளம்பும் முன்பே போனில் பார்த்துவிடுங்கள். முதியவரும் சில சமயம் அந்த வண்டியில் வருவார், துண்டைக் கோட்டுக்கு வெளியே போட்டுக்கொண்டு.